இலையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு

நீலகிரியில் குன்னூர் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தை வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்யும் இடமாகவே நம்மவர் பெரும்பாலும் அறிந்திருக்கிறார்கள். இந்திய மக்களின் ஆகாரம் எத்தகையது, அது அவர்களுடைய சரீரத்தை எவ்வாறு உருவாக்குகிறது என்ற கேள்வியை எடைபோட்டும் அளந்தும் ஆராயும் முயற்சி இந்நாட்டில் முறையாக வேரூன்றியதும் அதே நிலையத்தின் ஓர் அறையில்தான் என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. 1918ஆம் ஆண்டில் அங்கே தம் ஆராய்ச்சியைத் தொடங்கிய ராபர்ட் மக்காரிசன், இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த வைத்தியர். வடமேற்கு எல்லையில் கில்கிட் பிரதேசத்தில் பல ஆண்டுகள் பணிபுரிந்து, அங்குள்ள மலைவாசிகளின் திடகாத்திரத்தைக் கண்டு வியந்து, அதன் காரணத்தை அவர்களுடைய உணவிலே தேடத் தொடங்கியவர். இடையே அரசாங்கத்தின் சிக்கனத்தால் 1923இல் அவருடைய ஆராய்ச்சி நிறுத்தப்பட்டு, 1925இல் மீண்டும் தொடங்கி, சில ஆண்டுகளில் ஆகார ஆராய்ச்சிச் சாலையாக வளர்ந்தது. அந்தச் சாலையே 1958இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில், ஓர் இந்தியன் நாள்தோறும் எதை எவ்வளவு உண்ண வேண்டும் என்று நமக்கு எடுத்துச் சொல்லி வருகிறது.

மக்காரிசன் செய்த சோதனைகளில் ஒன்று தமிழர்களாகிய நாம் கவனித்துப் படிக்க வேண்டியது. ஒரே வயதும் ஒத்த எடையும் உடைய இளம் எலிகளைப் பல கூட்டங்களாகப் பிரித்து, சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடியர், வங்காளியர், சென்னை ராஜதானியைச் சேர்ந்தவர் என ஒவ்வொரு ஜன சமூகமும் வழக்கமாக உண்டுவந்த ஆகாரத்தை அப்படியே சமைத்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்து வந்தார். சில மாதங்கள் கழித்து நிறுத்துப் பார்த்தபோது, முழுக்கோதுமை ரொட்டியும் பாலும் வெண்ணெயும் பருப்பும் பச்சைக் காய்கறிகளும் கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகளின் சராசரி எடை 235 கிராமாக இருந்தது. தீட்டிய அரிசிச் சோற்றையே மலைபோல் குவித்து, பாலும் காய்கறியும் பெயரளவுக்கு மட்டுமே சேர்ந்த நம் ராஜதானியின் உணவை உண்டவையோ 155 கிராமோடு வரிசையின் கடைசியில் நின்றன. இதே காலத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைக் கோதுமை ரொட்டி, வெண்ணெய், முளைகட்டிய கடலை, பால், வாரத்துக்கு ஒருமுறை சிறிது மாமிசம் ஆகியவற்றோடு, காரட்டையும் முட்டைக்கோசையும் பச்சையாக வேண்டுமட்டும் தின்னவிட்டு வளர்த்தார். மனிதனுடைய ஐம்பது வயதுக்குச் சமமான முதுமையை எட்டும் வரையில் அவற்றினிடையே நோய் என்று சொல்லத்தக்க ஒன்றைக் காண்பது அரிதாக இருந்தது.

இந்தச் சோதனையிலிருந்து காய்கறிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று முடிவுகட்டுவது நியாயமாகாது. பால், முழுத் தானியம், பருப்பு ஆகியவற்றின் பங்கும் அதில் பெரிது. எலியின் சரீரம் மனித சரீரமும் அன்று. ஆனால், அந்த ஆராய்ச்சி மறுக்க முடியாதபடி நிலைநாட்டிய உண்மை ஒன்று உண்டு: வயிறு நிரம்புவது வேறு, சரீரம் போஷிக்கப்படுவது வேறு. பசி தீரும்படி சோறு உண்டவனும் உள்ளுக்குள் பட்டினி கிடக்கக் கூடும். நூறு ஆண்டுகளில் எத்தனையோ மாறியிருந்தும், நம் இல்லங்களில் தினசரி மத்தியானத்தில் விரிக்கப்படும் இலையையோ வைக்கப்படும் தட்டையோ சற்று உற்று நோக்குபவர், அதன் நடுவே சோறு வீற்றிருக்க, ஓர் ஓரத்தில் இரண்டு கரண்டி பொரியலும், அதற்கு எதிர் ஓரத்தில் ஊறுகாயும் அப்பளமும் இருப்பதைக் காண்பார். அந்தப் பொரியலும் பல நாள் உருளைக்கிழங்காகவே இருக்கும். சாம்பாரில் மிதக்கும் இரண்டு முருங்கைத் துண்டுகளைக் கொண்டு காய்கறியின் கணக்குத் தீர்ந்துவிட்டதாகக் குடும்பம் திருப்தி அடைகிறது.

எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்கு விடை தெளிவாகவே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய அமைப்பும் சேர்ந்து 2003இல் வெளியிட்ட அறிக்கை, காய்களும் பழங்களுமாக நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் 400 கிராம் உண்ண வேண்டும் என்றும், உருளைக்கிழங்கு, மரவள்ளி போன்ற மாவுக் கிழங்குகள் அந்தக் கணக்கில் சேரா என்றும் கூறிற்று. குன்னூரின் வழித்தோன்றலான நமது தேசிய நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இன்னும் ஒரு படி மேலே சென்று, சாதாரண உழைப்புடைய ஒருவருக்குக் கீரையும் காயுமாக 400 கிராமும், பழம் 100 கிராமும் வேண்டும் என்றும், அவருடைய தட்டில் ஏறத்தாழப் பாதி இவற்றால் நிரம்பியிருக்க வேண்டும் என்றும், அரிசி, கோதுமை முதலிய தானியங்களுக்கு 250 கிராம் போதும் என்றும் நிர்ணயித்திருக்கிறது. தானியத்தைவிடக் காய்கறியின் எடை அதிகமாயிருப்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இந்தக் கட்டுரையின் பிரதான விஷயமே அதுதான். காய்கறியின் நன்மை, அதை மருந்துபோல் சிறிது தொட்டுக்கொள்வதில் கிடைப்பதன்று. சாப்பாட்டின் பெரும்பகுதியாக அதை ஆக்கிக்கொள்வதில், அதாவது சோறு வகித்துவரும் ஸ்தானத்தில் ஒரு பங்கை அதற்கு விட்டுக்கொடுப்பதில்தான் கிடைக்கிறது.

காய்கறிக்குள் இருப்பது என்ன என்பதை விஞ்ஞானிகள் கண்டறிந்த வரலாற்றில் குன்னூருக்கு மற்றொரு தொடர்பும் உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கில மாது 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே நெசவாலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த ஏழைக் கர்ப்பிணிகளிடையே, இரும்புச் சத்தைக் கொடுத்தும் தீராத ஒருவகை ரத்த சோகை பரவி, பிரசவ காலத்தில் பல உயிர்களைக் கவர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்கள் எதை உண்கிறார்கள், எதை உண்ணவில்லை என்று வீடு வீடாக விசாரித்த லூசி வில்ஸ், பழமும் காய்கறியும் அவர்களுடைய ஆகாரத்தில் அநேகமாக இல்லை என்பதைக் கண்டார். சிறிது காலம் குன்னூர் நிலையத்திலும் தங்கிச் சோதனைகளைத் தொடர்ந்தார். பிறகு, ஈஸ்ட் என்ற நுரைமத்திலிருந்து எடுக்கப்படும் மார்மைட் என்ற மலிவான சாரத்தை நோயாளிகளுக்குக் கொடுத்தபோது, வெளிறிய முகங்களில் சில நாட்களுக்குள் ரத்தம் ஊறியதைக் கண்டு, 1931இல் அதை உலகுக்கு அறிவித்தார். அந்தச் சாரத்தில் இருந்த ஜீவசத்து எது என்பது அவருக்குத் தெரியாது. பத்து ஆண்டுகள் கழித்து, 1941இல், அமெரிக்க விஞ்ஞானிகள் நான்கு டன் பசுங்கீரையை அரைத்து வடித்து அதைப் பிரித்தெடுத்தனர். இன்று கர்ப்பிணிகளுக்கு ஆஸ்பத்திரிகளில் இரும்பு மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கப்படும் ஃபோலிக் அமிலம் அதுவே. முன்பு ஒருமுறை முதுகுத்தண்டுக் குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மார்கள் கருத்தரிக்கும் முன்பே இதை உட்கொண்டால், அக்குறை மீண்டும் நேர்வது நூற்றுக்கு எழுபத்திரண்டு பங்கு குறைகிறது என்பது 1991இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய பெரிய ஆய்வில் நிரூபணமாயிற்று. கர்ப்ப காலத்தின் தேவை மிகுதியாகையால் வைத்தியர் கொடுக்கும் மாத்திரையை எந்தத் தாயும் தள்ளக் கூடாது. ஆனால், அந்த மாத்திரையின் பிறப்பிடம் நம் கொல்லையில் முளைக்கும் கீரையிலும், அவரை, வெண்டை போன்ற காய்களிலும் இருப்பதை அறிந்தால், கீரைக்கட்டைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் நடந்த இன்னொரு ஆய்வு இதைவிட மனத்தை உருக்குவது. ஒரு காலத்தில் நம் கிராமங்களில் மாலைக்கண் நோய் சாதாரணம். அந்தி சாய்ந்ததும் தடுமாறும் குழந்தைகள், கவனிப்பார் இல்லாவிட்டால், கருவிழி வெந்து முற்றிலும் பார்வையை இழப்பார்கள். இதற்குக் காரணம் ‘ஏ’ வைட்டமின் குறைவு. அந்த வைட்டமினைச் சரீரம் தானே செய்துகொள்ள உதவும் கரோட்டின் என்ற பொருள், முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, பொன்னாங்கண்ணி போன்ற கரும்பச்சைக் கீரைகளிலும், காரட், மஞ்சள் பூசணி ஆகியவற்றிலும் நிறைந்திருக்கிறது. அந்த மாவட்டத்துக் கிராமங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தேர்ந்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு வாரந்தோறும் சிறிதளவு ‘ஏ’ வைட்டமினைக் கொடுத்து ஓராண்டு கண்காணித்தார்கள். அந்த அளவு பிரமாதமானதன்று. நல்ல ஆகாரத்தின் மூலமாகவே ஒரு குழந்தை பெறக்கூடியதுதான். 1990இல் வெளியான முடிவு உலகத்து வைத்தியர்களைத் திகைக்கச் செய்தது: அதைப் பெற்ற குழந்தைகளிடையே மரணம் பாதிக்கும் மேலாகக் குறைந்திருந்தது. கண்ணுக்குத் தேவை என்றே பெரும்பாலும் எண்ணப்பட்ட சத்து, தட்டம்மை, வயிற்றுப்போக்கு முதலிய நோய்களை எதிர்த்து நிற்கும் வலிமைக்கே ஆதாரம் என்பது வெளிப்பட்டது. வேலியோரத்தில் முருங்கை தழைத்து நிற்கும் ஊர்களில், அந்தத் தழையில் உள்ள ஒரு பொருளின் குறைவால் குழந்தைகள் மடிந்திருக்கிறார்கள் என்பதை நினைக்குந்தோறும் என் நெஞ்சம் பொறுப்பதில்லை.

அப்படியானால் அந்தப் பொருள்களை மட்டும் பிரித்தெடுத்து மாத்திரையாக விழுங்கிவிடலாமே, காய்கறியை நறுக்கி வேகவைக்கும் சிரமம் எதற்கு என்று கேட்பவர் உண்டு. குறை இருக்கும் இடத்தில் மாத்திரை உயிர் காக்கிறது. குறை இல்லாத இடத்தில் அது காய்கறியின் வேலையைச் செய்வதில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் வழக்கமுள்ள 29,000க்கும் மேற்பட்ட ஆண்களைக் கொண்டு நடந்த ஆய்வு இதற்கு அழுத்தமான சாட்சி. கரோட்டின் மிகுந்த காய்கறிகளை அதிகமாக உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்பது முன்பே கவனிக்கப்பட்டிருந்ததால், அதை மாத்திரையாகக் கொடுத்தால் அந்த நோயைத் தடுக்கலாம் என்று நம்பி அவர்களில் பாதிப்பேருக்குப் பல ஆண்டுகள் கொடுத்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, மாத்திரை உண்டவர்களிடையே அந்தப் புற்றுநோய் குறையவில்லை என்பதோடு, நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு அதிகமாகவும் இருந்தது. ஒரு காய்க்குள் நூற்றுக்கணக்கான பொருள்கள் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன; நாரும் நீரும் உப்புகளும் நிறங்களும் சேர்ந்து, மெல்ல மெல்ல, பல மணி நேரம் எடுத்துக்கொண்டு சரீரத்துக்குள் இறங்குகின்றன. அவற்றில் ஒன்றைப் பிடுங்கி எடுத்து அளவுக்கு மீறிக் கொடுப்பதைக் காய்கறி உண்பதற்குச் சமானமாகக் கருதுவது பிழை.

நாரைப் பற்றி ஒருகாலத்தில் யாரும் பேசியதில்லை. ஜீரணமாகாமல் வெளியேறும் சக்கை என்றே அதை ஒதுக்கி வைத்திருந்தார்கள். உகாண்டாவில் சத்திர சிகிச்சை நிபுணராக இருந்த டெனிஸ் பர்கிட், ஐரோப்பாவில் மலிந்து கிடக்கும் குடல் நோய்கள் ஆப்பிரிக்கக் கிராமவாசிகளிடம் அரிதாயிருப்பதைக் கண்டு, அதற்கு நார் மிகுந்த அவர்களுடைய ஆகாரமே காரணமாயிருக்கலாம் என்று 1970களில் வலியுறுத்திய பிறகே உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. நம் பெருங்குடலில் கோடிகோடியாகக் குடியிருக்கும் நுண்ணுயிர்கள், நாம் ஜீரணிக்க முடியாத இந்த நாரைப் புளிக்கவைத்து உண்டு, அதற்கு ஈடாகச் சில அமிலங்களை வெளியிடுகின்றன. அவற்றுள் ஒன்றான பியூட்டிரிக் அமிலம் குடலின் உட்சுவரில் உள்ள அணுக்களுக்கே நேரடி ஆகாரமாகிறது. நார் குறைந்த உணவில், தங்களுக்கு இரை கிடைக்காத அந்நுண்ணுயிர்களில் சில, குடற்சுவரைக் காக்கும் கோழைப் படலத்தையே அரிக்கத் தொடங்குகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளின்பேரில் 2019இல் தொகுக்கப்பட்ட ஆராய்ச்சிகள், நாரை மிகுதியாக உண்பவர்களிடையே, குறைவாக உண்பவர்களைவிட, இருதய நோயும் நீரிழிவும் குடல் புற்றுநோயும் மரணமும் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பங்கு வரை குறைவாயிருப்பதைக் காட்டின; நாளொன்றுக்கு 25 முதல் 29 கிராம் நார் போதுமானது. மலச்சிக்கலுக்குப் பத்திரிகை விளம்பரங்களில் வரும் சூரணங்களைத் தேடி அலையும் அன்பர்கள், வாழைத்தண்டையும் கொத்தவரையையும் அவரையையும் சில வாரங்கள் தாராளமாக உண்டு பார்ப்பது நலம்.

ரத்த அழுத்தத்தின் விஷயம் இன்னும் பிரத்தியட்சமானது. மாதக் கணக்கில் அன்றி, வாரக் கணக்கிலேயே மாறுதலைக் காணலாம். அமெரிக்காவில் 459 பேரைக் கொண்டு நடத்தி 1997இல் வெளியிட்ட ஆய்வில், எல்லோருக்கும் சமைத்த உணவையே கொடுத்து, உப்பின் அளவையும் எடையையும் மாறாமல் வைத்திருந்து, ஒரு பகுதியினருக்குக் காய்கறியும் பழமும் மட்டும் அதிகமாக்கப்பட்டன. மற்றொரு பகுதியினருக்கு அவற்றோடு கொழுப்பு நீக்கிய பாலும் சேர்த்து, நெய் போன்ற கொழுப்பு குறைக்கப்பட்டது. எட்டு வாரங்களில் இரு பகுதியினருக்கும் அழுத்தம் இறங்கிற்று. இரண்டாம் பகுதியினரில் ஏற்கெனவே அழுத்தம் உயர்ந்திருந்தவர்களுக்கு மேல் எண் பதினொன்றுக்கும் அதிகமாகக் குறைந்தது. ஒரு மருந்து செய்யக்கூடியதற்கு இது ஒப்பானது. காய்கறியில் உள்ள பொட்டாசியம், நாம் ஊறுகாயிலும் வற்றலிலும் அப்பளத்திலும் அள்ளி உண்ணும் உப்பைச் சிறுநீரகம் வெளியேற்றுவதற்குத் துணை செய்கிறது. கீரைகளிலும் பீட்ரூட்டிலும் உள்ள நைட்ரேட், வாயில் வாழும் நுண்ணுயிர்களால் மாற்றமடைந்து, ரத்தக் குழாய்களை இளகச் செய்யும் வாயுவாகிறது. இந்த அறிவோடு நம் தட்டைப் பார்த்தால், காய்கறி இருக்க வேண்டிய ஓரத்தை ஊறுகாய்க்குக் கொடுத்திருப்பது எத்தனை பெரிய நஷ்டம் என்பது விளங்கும்.

நீரிழிவைப் பற்றி ஒரு வார்த்தை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்நாட்டில் நீரிழிவாளர் பத்துக் கோடிக்கு மேல் என்று மதிப்பிட்டது. தீட்டிய அரிசிச் சோறு விரைவில் சர்க்கரையாகி ரத்தத்தில் பாய்வது. அதோடு போதிய காய்கறி சேர்ந்தால், சோற்றின் அளவும் தானாகவே குறைகிறது, பாய்ச்சலின் வேகமும் தணிகிறது. முதலில் காய்கறியையும் பருப்பு போன்றவற்றையும் உண்டு, பிறகு மாவுப் பண்டத்தை உண்டவர்களுக்கு உணவுக்குப் பின் சர்க்கரை குறைவாகவே ஏறுகிறது என்பதைச் சில சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் விருந்துகளில் இலை போட்டதும் கறி, கூட்டு, பச்சடி யாவற்றையும் பரிமாறி முடித்த பிறகே சோறு வருகிறது. அந்த இடைவெளியில் கையைக் கட்டிக்கொண்டு காத்திராமல் கூட்டையும் பச்சடியையும் உண்ணத் தொடங்கிவிடுவது நீரிழிவாளருக்கு மிகவும் உகந்தது.

சரீரத்துக்குச் சொன்னது மனத்துக்கும் பொருந்துமா என்பது அண்மைக் காலத்துக் கேள்வி. ஆஸ்திரேலியாவில் பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமானவர்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வு, காய்கறியும் பழமும் உண்பதை அதிகரித்தவர்களிடம் இரண்டு ஆண்டுகளுக்குள் வாழ்வில் திருப்தி உயர்ந்ததைக் கண்டது. மனச்சோர்வால் அவதியுற்ற 67 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு, வழக்கமான சிகிச்சையோடு, காய்கறியும் பருப்பும் முழுத் தானியமும் மிகுந்த ஆகாரத்தை உண்ணப் பன்னிரண்டு வாரம் வழிகாட்டியபோது, அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு நோய் அடங்கிற்று என்றும், வெறும் பேச்சுத்துணை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கே அடங்கிற்று என்றும் 2017இல் மற்றொரு ஆய்வு தெரிவித்தது. இவை தொடக்க ஆராய்ச்சிகள். நல்ல ஆகாரம் உண்பவர் பல வகைகளில் நல்வாழ்வு உடையவராகவே இருப்பர் என்பதால், எது காரணம், எது காரியம் என்று பிரிப்பது எளிதன்று. எனினும், குடல் கனத்து, இரவு தூக்கம் கெட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் கண் சொருகும் நிலையில் உள்ள ஒருவருக்கு உற்சாகம் எங்கிருந்து வரும் என்பதை அனுபவமுள்ள எவரும் அறிவர். சோற்றைக் குறைத்துக் கறியைக் கூட்டிய வீடுகளில் பிற்பகல் மந்தம் விலகுவதை நானே பார்த்திருக்கிறேன்.

நல்ல காயை வாங்கியும் அதன் சத்தைச் சாக்கடையில் கொட்டுகிற வழக்கம் நம் சமையலில் உண்டு. ‘சி’ வைட்டமினும் ஃபோலிக் அமிலமும் தண்ணீரில் கரைபவை, சூட்டில் அழிபவை. ஆதலால், காயை முதலில் கழுவிப் பிறகு நறுக்க வேண்டுமேயன்றி, நறுக்கிய பின் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது. சிறு சிறு துணுக்குகளாக்காமல் சற்றுப் பெரிதாகவே அரிந்து, கொஞ்சம் தண்ணீரில் மூடி வேகவைத்து, எஞ்சிய நீரை ரசத்திலோ குழம்பிலோ சேர்த்துவிட வேண்டும். பச்சை நிறம் மாறாதிருக்கக் கீரையில் சோடா உப்பைத் தூவுவது ‘சி’ வைட்டமினை அழிக்கும் நிச்சயமான வழி. அந்தப் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். கரோட்டினின் குணம் வேறு; அது சூட்டை ஓரளவு தாங்கும், ஆனால் கொழுப்பின் துணையின்றி ரத்தத்தில் ஏறாது. கடுகு தாளிக்க ஒரு கரண்டி எண்ணெய் விடுகிற நம் பாட்டிமார் வழக்கம் இந்தக் காரணத்தால் முற்றிலும் சரியானது. ஒரு கரண்டி நான்காகும்போதுதான் கெடுதல் புகுகிறது. கீரையில் உள்ள இரும்பைச் சரீரம் எளிதில் ஏற்பதில்லை. எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தாலோ, நெல்லிக்காயை உடன் உண்டாலோ அது ஏற்கும் அளவு உயர்கிறது. ஏகாதசி உபவாசம் முடிந்து துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரையையும் நெல்லிக்காயையும் சேர்த்து வைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் எந்த ரசாயனமும் படித்தவர்கள் அல்லர். ஆயினும், அந்தச் சேர்க்கையில் இன்றைய ஆகார சாஸ்திரி ஒரு குறையும் சொல்ல மாட்டார்.

விலையைப் பற்றிப் பேசாமல் இவ்விஷயத்தை முடிப்பது செல்வந்தர்களுக்கு மட்டும் எழுதுவதாகும். பதினெட்டு நாடுகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு ஒன்று, வருமானம் குறைந்த நாடுகளில் ஒருவர் நாள்தோறும் இருமுறை பரிமாறும் அளவு பழமும் மும்முறை பரிமாறும் அளவு காய்கறியும் உண்ண வேண்டுமாயின், வீட்டு வருமானத்தில் ஏறத்தாழப் பாதி அதற்கே போய்விடும் என்று கணக்கிட்டது. இந்த நிலையில், காய்கறி உண்ணாதிருப்பதை அறியாமை என்று மட்டும் கண்டிப்பது அநியாயம். ஆனால், விலை உயர்ந்த காய்களே சத்துள்ளவை என்ற எண்ணமும் தவறானதே. சந்தையில் கொழுத்த விலைக்கு விற்கும் காலிஃபிளவரைவிட, சிறுகீரையும் அரைக்கீரையும் முளைக்கீரையும் பல சத்துகளில் மேம்பட்டவை. மழைக்குப் பின் கொல்லையில் தானாக முளைக்கும் பொன்னாங்கண்ணியும் மணத்தக்காளியும் விலையில்லாதவை. ஒரு முருங்கைப் போத்தை நட்டுவிட்டால் சில மாதங்களில் தழையும், அடுத்த ஆண்டில் காயும் தருகிறது. அந்தந்தப் பருவத்தில் மலிந்து வரும் காயை அந்தந்தப் பருவத்தில் மிகுதியாக வாங்குவதும், பீர்க்கந்தோலைத் துவையலாக்குவதும், முள்ளங்கி இலையையும் பீட்ரூட் இலையையும் குப்பையில் எறியாமல் பொரியலாக்குவதும் செலவைக் கணிசமாகக் குறைக்கும்.

எல்லோருக்கும் ஒரே விதி செல்லாது. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்குப் பொட்டாசியம் தங்கிவிடும் ஆபத்து இருப்பதால், அவர்கள் காய்களை நறுக்கி மிகுந்த நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட வேண்டும். மேலே மற்றவர்களுக்குச் சொன்னதற்கு இது நேர் எதிரானது என்பதை அவர்கள் மறக்கலாகாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து உட்கொள்பவர்கள், ‘கே’ வைட்டமின் நிறைந்த கீரையை ஒருநாள் ஏராளமாகவும் ஒருநாள் ஒன்றுமில்லாமலும் உண்ணாமல், தினமும் ஒரே அளவில் உண்ண வேண்டும். சிறுநீரகத்தில் ஆக்ஸலேட் கல் உண்டானவர்கள் பாலக் கீரையையும் பீட்ரூட்டையும் அளவோடு வைத்துக்கொள்வது நலம். வழக்கமின்றித் திடீரென்று நாரை மிகுத்தால் வயிறு பொருமும். ஆதலால், இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாக உயர்த்தி, தண்ணீரையும் அதற்கேற்பக் கூட்டிக்கொள்வதே முறை.

குழந்தைகளைப் பற்றித் தாய்மார்கள் கவலையோடு கேட்பதுண்டு. பாகற்காயையோ கீரையையோ முதல்முறை துப்பிய குழந்தை என்றுமே உண்ணாது என்று முடிவுகட்டி, உருளைக்கிழங்கு வறுவலுக்குத் திரும்பிவிடுகிறார்கள். புதிய சுவையைக் குழந்தையின் நாக்கு ஏற்பதற்கு, வற்புறுத்தலும் மிரட்டலும் இன்றி, பத்துமுறையாவது சிறிது சிறிதாக அதைச் சுவைக்கத் தரவேண்டும் என்று குழந்தைகளின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள். கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் உண்ணும் பண்டங்களின் சுவை குழந்தைக்கு முன்னதாகவே பழக்கமாகிவிடுகிறது என்பதும் அறியப்பட்டிருக்கிறது. தந்தை தன் தட்டிலுள்ள கூட்டை ஒதுக்கிவிட்டு மகனைக் கீரை தின்னச் சொல்லும் வீட்டில் எந்த உபதேசமும் பலிக்காது.

வீட்டுக் கணக்காகச் சொன்னால், நால்வர் உள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்குச் சமைக்காத காய்கறி ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ வேண்டும். அதில் ஒரு பெரிய கட்டுக் கீரை மத்தியானத்துக்கு மசியலாகட்டும். பூசணியோ சுரையோ பருப்போடு கூட்டாகட்டும். வெண்டை, அவரை, கொத்தவரை ஏதேனும் ஒன்று பொரியலாகட்டும். வெள்ளரி, தக்காளி, காரட் இவற்றைத் தயிரில் கலந்து பச்சடியாக்கலாம். இரவில் தோசைக்கும் சப்பாத்திக்கும் சட்னி மட்டும் வைக்காமல் காய்கறிக் குருமாவோ கீரைக் கடைசலோ வைக்கலாம். இந்த ஏற்பாட்டில் வழக்கமாக உலையில் இடும் அரிசியில் ஓர் ஆழாக்கு குறைத்தாலும் வீட்டில் எவரும் பசியோடு எழுந்திருக்க மாட்டார்கள். குறைந்த அரிசியின் விலை, கீரைக்காரிக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கைத் தாங்கிவிடும்.